எடை எந்தக் காலில்? குகை ஓவியம் முதல் மைக்கேலாஞ்சலோ வரை: மேற்கத்தியக் கலையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கத்தியக் கலை வரலாற்றைத் தாமாகவே படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ரோமை எட்டுவதற்குள் சோர்ந்துபோகிறார்கள். பாடநூல்கள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. ஆர்க்காயிக், ஹெலனிஸ்டிக், பைசாண்டியம், ரோமனெஸ்க், கோதிக் என்று பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு படங்கள், இரண்டு பத்தி விளக்கம். மனப்பாடம் செய்யலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் ஒரு சிலையின் முன்னால் போய் நின்றால் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

இந்த வழிகாட்டி பெயர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு புறப்படுகிறது: உருவத்தின் எடை எந்தக் காலில் விழுகிறது? சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் முப்பதாயிரம் ஆண்டுக் கலையை இதை வைத்தே கோர்த்துவிட முடியும். கட்டடக்கலை, வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ஏட்டுச் சித்திரங்கள் எல்லாம் இதில் அடங்காது என்பது உண்மைதான். தெரிந்தே அவற்றை ஒதுக்கியிருக்கிறேன். முதலில் ஒரு பாதையை நடந்து முடித்தால் கிளைப்பாதைகள் பிறகு பிடிபடும்.

தேவையானவை: ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், ஆள் உயரக் கண்ணாடி, இணைய இணைப்பு. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பின் படங்களை இலவசமாகத் தருகின்றன. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை 2017 முதல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. தேடல் பொறி காட்டும் மங்கலான படங்களை நம்பாமல் அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள்.

முதல் படி: உங்கள் உடம்பில் பாருங்கள்

கண்ணாடி முன் நில்லுங்கள். இரண்டு கால்களிலும் சமமாக எடை வைத்து, இடுப்பெலும்பின் இரண்டு முனைகளிலும் விரல் வையுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும். இப்போது எடை முழுவதையும் வலது காலுக்கு மாற்றி, இடது முழங்காலைத் தளர விடுங்கள். வலது இடுப்பு மேலே ஏறும். உடம்பு சாய்ந்து விழாமல் இருக்க வலது தோள் தானாகக் கீழே இறங்கும். முதுகெலும்பு லேசாக வளையும்.

இந்த நிலைக்கு இத்தாலியர்கள் காண்ட்ரபோஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் எவரும் இப்படித்தான் நிற்கிறார்கள். ஆனாலும் கல்லில் இதைச் செதுக்க மேற்குலகுக்கு மிக நெடுங்காலம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அதைக் கைவிடவும் செய்தார்கள். கண்டுபிடித்தது ஏன், விட்டது ஏன், மறுபடி எடுத்தது ஏன் என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

நோட்டில் ஒரு குச்சி உருவம் வரைந்து, தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு போடுங்கள். இனி பார்க்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் இந்த இரண்டு கோடுகளையும் வரைய வேண்டும்.

இரண்டாம் படி: நிற்கவே முடியாத உருவங்கள்

வில்லன்டார்ஃப் வீனஸ் என்று அழைக்கப்படும் சிலையிலிருந்து தொடங்குங்கள். 1908-இல் ஆஸ்திரியாவில் கிடைத்தது. இப்போது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 11 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கிடைத்த இடத்தில் இல்லாத ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லில் செய்து, செங்காவி பூசியிருக்கிறார்கள். மார்பும் வயிறும் தொடையும் பருத்திருக்கின்றன. முகம் இல்லை, பாதமும் இல்லை. அது நிற்காது. கையில் பிடிக்கலாம், படுக்க வைக்கலாம், மண்ணில் குத்தி வைக்கலாம். தரையில் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தாய்த் தெய்வம், வளமைச் சின்னம் என்று உறுதியாகச் சொல்லும் விளக்கங்களைச் சந்தேகத்தோடு படியுங்கள். செய்தவர்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை.

பிறகு குகைகள். பிரான்சின் ஷோவே குகை 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள பழைய ஓவியங்களின் வயது ஏறத்தாழ 36,000 ஆண்டுகள். லாஸ்கோ 1940-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பார்வையாளர்களின் மூச்சும் உடல் வெப்பமும் சுவரைக் கெடுத்ததால் 1963-இல் அதை மூடிவிட்டார்கள். இப்போது பார்க்கக் கிடைப்பவை நகல் குகைகள்தான். லாஸ்கோவின் காளைகளில் ஒன்று 5 மீட்டருக்கும் மேல் நீளமானது. விலங்குகளின் காலடியைப் பாருங்கள். தரைக்கோடு கிடையாது. உடல் பக்கவாட்டில் இருக்க, கொம்பும் குளம்பும் வேறு கோணத்தில் திரும்பியிருக்கும். ஓடும் வேகமும் தசையின் திரட்சியும் இருக்கின்றன. எடை மட்டும் இல்லை.

இங்கே ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்பெயினின் அல்டமீரா குகை ஓவியங்கள் 1879-இல் கண்டறியப்பட்டபோது, காட்டுமிராண்டிகளால் இவ்வளவு அழகாக வரைய முடியாது என்று சொல்லி அறிஞர்கள் அவற்றைப் போலி என்றார்கள். 1902-இல் அவர்களில் முக்கியமானவரான கார்ட்டையாக், தன் ஐயம் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். கண்டுபிடித்த சாட்டுவோலா அதற்குள் இறந்துபோயிருந்தார். கலை காலப்போக்கில் படிப்படியாக வளர்ந்தது என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

மூன்றாம் படி: எகிப்தும் கிரேக்கமும், அருகருகே

எகிப்து மேற்கு அல்ல. கிரேக்கர்கள் அங்கே கற்றுக்கொண்டதால் கலை வரலாறு அதையும் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள மென்கௌரே மன்னனும் அவன் அரசியும் நிற்கும் சிலையைத் திறந்து வையுங்கள். ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை. மன்னனின் இடது கால் முன்னே இருக்கிறது. ஆனால் இடுப்புக் கோட்டை வரைந்து பார்த்தால் நேர்க்கோடு! நடக்கும் மனிதனின் இடுப்பு அப்படி இருக்காது. முதுகுக்குப் பின்னால் கல் பலகை விடப்பட்டிருக்கிறது, கால்களுக்கு நடுவிலும் கல் இருக்கிறது. மன்னன் போய்ச் சேரவேண்டிய இடம் எதுவுமில்லை; என்றென்றும் இருப்பதுதான் அவன் வேலை. சிற்பிக்குத் திறமை போதவில்லை என்று நினைத்தால் பாடத்தைத் தவறவிட்டீர்கள்.

அடுத்து மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் கூரோஸ், கி.மு. 590 வாக்கில் செய்த இளைஞன் சிலை. அதே இடது கால், அதே இறுகிய முட்டி. இரண்டு வித்தியாசங்கள்: ஆடை இல்லை, கல் பலகை இல்லை. கால்களுக்கு நடுவே இருந்த கல்லைக் கிரேக்கச் சிற்பி வெட்டி எறிந்துவிட்டான். உருவம் தன் காலில் தானே நிற்கிறது. இடுப்புக் கோடு மட்டும் இன்னும் நேராகவே இருக்கிறது.

மூன்றாவதாக, ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள கிரிட்டியோஸ் சிறுவன். கி.மு. 480 வாக்கு. முழு ஆளை விடச் சிறியது, கைகளும் பாதங்களும் உடைந்துவிட்டன. இதன் முன்னால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எடை இடது காலுக்கு நகர்ந்திருக்கிறது, வலது முழங்கால் தளர்ந்திருக்கிறது, இடது இடுப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, தலை லேசாகத் திரும்பியிருக்கிறது. மாற்றம் அங்குலக் கணக்கில்தான். ஆனால் நூறு ஆண்டுக்கும் மேலாகக் கூரோஸ்களின் முகத்தில் ஒட்டியிருந்த புன்னகை இந்த முகத்தில் இல்லை. அவன் எதையோ யோசிப்பதாகத் தோன்றுகிறது. உடம்பில் எடை வந்ததும் முகத்தில் மனம் வந்துவிட்டது என்று எனக்குப் படும். பாரசீகர்கள் அக்ரோபோலிஸை எரித்துப் பாழாக்கியது அதே கி.மு. 480-இல்தான், அந்த இடிபாடுகளைக் கிரேக்கர்கள் அங்கேயே புதைத்ததால் பல சிலைகள் நமக்கு மிஞ்சின.

இந்த மூன்று படங்களுக்கும் தோள் கோடு, இடுப்புக் கோடு வரைந்து முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: பளிங்கில் ஒரு மரக்கட்டை

கி.மு. 440 வாக்கில் பாலிகிளைட்டஸ் என்ற சிற்பி ஈட்டி ஏந்திய வீரன் ஒருவனை வெண்கலத்தில் வார்த்தார். உடலுறுப்புகளின் விகிதங்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சிலையும் போயிற்று, நூலும் போயிற்று. நமக்கு இருப்பவை ரோமர்கள் பளிங்கில் எடுத்த நகல்கள். இத்தாலியின் பழைய பொம்பெயி நகர இடிபாடுகளில் கிடைத்த நகல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வலது கால் எடையைத் தாங்குகிறது, வலது கை சும்மா தொங்குகிறது. இடது கால் ஓய்வில் பின்னே போகிறது, இடது கை ஈட்டியைப் பிடிக்க மடங்குகிறது. வேலை செய்யும் உறுப்பும் ஓய்வெடுக்கும் உறுப்பும் குறுக்காக மாறி மாறி அமைகின்றன. காண்ட்ரபோஸ்டோ இங்கே ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது.

இப்போது வலது காலை ஒட்டிப் பாருங்கள். சம்பந்தமே இல்லாமல் ஒரு மரக்கட்டை நிற்கும். வெண்கலம் உள்ளே பொள்ளல், உறுதி அதிகம். மெல்லிய கணுக்காலில் முழு உருவத்தையும் தாங்கிவிடும். பளிங்கு கனம், உடையக்கூடியது. அதே நிலையைப் பளிங்கில் எடுத்தால் கணுக்கால் முறிந்துவிடும். அதனால் நகலெடுத்தவர்கள் முட்டுக் கொடுத்தார்கள். கிரேக்கச் சிலை என்ற பெயரில் எங்காவது பளிங்குச் சிலையைப் பார்த்து, காலருகே மரக்கட்டையோ தூணோ இருந்தால், தொலைந்துபோன வெண்கலம் ஒன்றின் ரோமானிய நகலாக அது இருக்கலாம் என்று முதல் சந்தேகம் எழ வேண்டும். அசல் வெண்கலம் எப்படி இருக்கும் என்பதற்கு 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கடற்கரைக்கு அருகே கடலுக்கடியிலிருந்து எடுத்த இரண்டு வீரர்களைப் பாருங்கள். செம்பில் உதடு, ஒருவனுக்கு வெள்ளியில் பல். முட்டு எதுவும் கிடையாது.

வெள்ளைப் பளிங்கு என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பழைய பளிங்குச் சிலைகளில் பெரும்பாலானவை வண்ணம் தீட்டப்பட்டவை. மழையும் மண்ணும் வண்ணத்தைத் தின்றுவிட்டன.

ஐந்தாம் படி: ரோம், வேகமாக

ரோமைப் பற்றி இரண்டே விஷயம் போதும். முதலாவது, 1863-இல் கிடைத்த பிரிமா போர்ட்டா அகஸ்டஸ் சிலை. பாலிகிளைட்டஸின் வீரனுக்கு மார்புக் கவசம் போட்டு, கையை உயர்த்திப் பேச வைத்து, பேரரசன் ஆக்கிவிட்டார்கள். மரக்கட்டை இருந்த இடத்தில் டால்ஃபின் மீது ஏறிய குட்டி மன்மதன். அகஸ்டஸின் குலம் வீனஸ் தேவியிடமிருந்து வந்தது என்று அந்த முட்டு சொல்கிறது. அரசியல் பிரசாரத்தை முட்டுக்கட்டையில் கூட வைக்கத் தெரிந்தவர்கள்.

இரண்டாவது, ரோம் நகரிலுள்ள கான்ஸ்டன்டைன் வளைவு, கி.பி. 315. இந்தப் பாடத்தில் மிக முக்கியமான திருப்பம் ஒரே சுவரில் இருக்கிறது. முந்தைய பேரரசர் ஹேட்ரியன் காலத்து வட்டப் புடைப்புச் சிற்பங்களைப் பழைய கட்டுமானத்திலிருந்து எடுத்து இங்கே பதித்திருக்கிறார்கள். அவற்றில் மனிதர்கள் இடுப்பு சாய்த்து இயல்பாக நிற்கிறார்கள். அதற்கு நேர் கீழே கான்ஸ்டன்டைன் காலத்தில் புதிதாகச் செதுக்கிய நீண்ட பட்டை: குட்டையான உடல்கள், பெரிய தலைகள், ஒரே வரிசையில் ஒரே மாதிரி முகங்கள், நடுவில் எல்லோரையும் பார்த்தபடி பேரரசன். ரோம் அப்போது காட்டுமிராண்டிகளிடம் விழுந்துவிடவில்லை. பழைய முறை தெரிந்த கைகள் தேய்ந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைப் பார்த்ததும் புரிய வைக்கும் வேலையை இந்தப் பட்டை பிரமாதமாகச் செய்கிறது. எடை அதற்குத் தேவைப்படவில்லை.

ஆறாம் படி: தரை இல்லாத ஆயிரம் ஆண்டுகள்

ராவென்னா நகரின் சான் விட்டாலே தேவாலயத்துக்குப் போங்கள்; கி.பி. 547-இல் அர்ப்பணிக்கப்பட்டது. மொசைக் சுவரில் பேரரசர் ஜஸ்டீனியன் பரிவாரத்தோடு நிற்கிறார். அவர்களின் காலைப் பாருங்கள். ஒருவர் பாதத்தை இன்னொருவர் மிதிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நுனிகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. யாரும் எதன்மீதும் நிற்கவில்லை. பின்னால் தங்கப் பரப்பு. தங்கச் சில்லுகளைச் சற்றே வெவ்வேறு சாய்வில் பதித்திருப்பதால் விளக்கொளியில் சுவர் அசைவதுபோல் மின்னும். இது பூமி அல்ல என்று சொல்ல வந்த ஓவியத்தில் நிழலும் தரையும் இடைஞ்சல்.

இந்தக் காலத்தை இருண்ட காலம் என்று தள்ளிவிடாதீர்கள் என்பதற்கு ஓர் உருவத்தைக் காட்டுகிறேன். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவை, கி.பி. 970 வாக்கில் ஓக் மரத்தில் செய்தது, ஆள் உயரம். இயேசு இறந்துவிட்டார். தலை முன்னால் சரிந்திருக்கிறது. தோள் தசை இழுபடுகிறது. உடம்பு கீழே தொய்ந்து வயிறு முன்னே பிதுங்குகிறது. நின்ற கால்களில் இல்லாத எடை, தொங்கும் கைகளில் முழுதாக இருக்கிறது. இதைச் செய்தவனுக்கு உடலின் கனம் தெரியாது என்று எவராலும் சொல்ல முடியாது. மரணத்தைக் காட்ட வேண்டியிருந்தது, கனத்தைக் கொண்டுவந்தான்.

பிறகு பிரான்சின் இரண்டு பேராலய வாசல்களை அடுத்தடுத்து வையுங்கள். ஷார்த்ர் மேற்கு வாசலில் 1150 வாக்கில் செதுக்கிய அரசர்களும் அரசிகளும் தூண்களோடு தூண்களாக நீண்டிருக்கிறார்கள். பாதம் சரிவில் தொங்குகிறது. ரான்ஸ் பேராலயத்தில் 1230-ஐ ஒட்டிச் செதுக்கிய மரியாளும் எலிசபெத்தும் ஒரு முழங்காலை மடித்து, இடுப்பு சாய்த்து, ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்புகிறார்கள். ரான்ஸ் பழைய ரோமானிய நகரம். சிற்பி ரோமானியச் சிலை எதையோ கண்ணால் பார்த்திருக்கிறான் என்று மடிப்புகளே சொல்லும். இத்தாலியின் பீசாவில் 1260-இல் நிக்கோலா பிசானோ முடித்த பிரசங்க மேடையிலும் இதே செய்திதான். மன உறுதி என்ற கிறிஸ்தவப் பண்பைக் காட்ட ஆடையற்ற ஹெர்க்குலிஸ் ஒருவனைச் செதுக்கினார், ஒரு காலில் எடை வைத்து! பீசாவில் ரோமானியக் கல் சவப்பெட்டிகள் கண்ணெதிரே கிடந்தன. மறுமலர்ச்சி 1400-இல் மணி அடித்துத் தொடங்கியது என்று எழுதும் நூல்களை இந்த இரண்டு சிற்பங்களை வைத்து மடக்கலாம்.

ஏழாம் படி: ஃபுளோரன்ஸ் வழியே, தரைக்குத் திரும்புதல்

ஓவியர் ஜோட்டோவில் தொடங்குங்கள். பாதுவாவின் ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம், 1305-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டியவரின் தந்தை பெயர்பெற்ற வட்டிக்காரர். தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் உட்கார வைத்தார். இயேசுவின் உடலைச் சுற்றி அழும் காட்சியில் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாது, போர்வைக்குள் திரண்ட கனம் மட்டும் தெரியும். ஒருவருக்கு முதுகு இருந்தால் அவருக்கு முன்னால் இடம் இருக்க வேண்டும், கீழே தரை இருக்க வேண்டும். ஜோட்டோ சாதித்தது இதுதான்.

அடுத்து டொனாடெல்லோவின் புனித மாற்கு, 1411 முதல் 1413 வரை, ஃபுளோரன்ஸின் ஓர்சான்மிக்கேலே கட்டடத்துக்காகச் செய்தது. பணம் கொடுத்தவர்கள் லினன் துணி வணிகர் சங்கம். சிலையின் காலடியில் கல்லில் ஒரு மெத்தை. புனிதரின் எடையில் அது அமுங்குகிறது. எடை தாங்கும் காலின் மேல் துணி நேர்நேராகத் தூணின் வரிகள்போல் விழ, தளர்ந்த முழங்கால் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிகிறது. துணி வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தக் கலைஞர்களின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிவைத்த வசாரி சொல்லும் கதைப்படி, தரையில் வைத்துப் பார்த்தபோது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மாடத்தில் ஏற்றிய பிறகு திருத்தித் தருகிறேன் என்று டொனாடெல்லோ திரையிட்டு மறைத்தார், எதையும் தொடவில்லை, சில நாள் கழித்துத் திரையை விலக்கினார். எல்லோரும் பாராட்டினார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகவே செய்த சிலை அது. வசாரியின் கதைகளில் உப்பும் காரமும் சற்றுத் தூக்கல்தான். இருந்தாலும் இந்தக் கதையில் சிற்பம் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்ற பாடம் இருக்கிறது.

ஓவியர் மசாச்சோவை அதே ஊரின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் பாருங்கள். 1425-ஐ ஒட்டி வரைந்த வரிப்பணக் காட்சியில் வரி வசூலிப்பவன் நமக்கு முதுகு காட்டி, ஒரு காலில் எடை போட்டு, இடுப்பைச் சாய்த்து நிற்கிறான். ஒவ்வொரு காலுக்கும் தரையில் நிழல் விழுகிறது. சிற்றாலயத்தின் நிஜச் சன்னல் இருக்கும் பக்கத்திலிருந்தே ஓவியத்துக்குள்ளும் ஒளி வருகிறது. மசாச்சோவுக்கு முன்பு வரைந்தவர்களின் உருவங்கள் கால்விரல் நுனியில் நின்றன, பாதம் பதிய நிற்க வைத்தவர் இவர்தான் என்று வசாரியே எழுதியிருக்கிறார். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் மசாச்சோ இறந்துபோனார்.

இத்தாலியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பாதிப் பாடம். 1432-இல் முடிந்த, பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலுள்ள பலிபீட ஓவியத்தில் வான் எய்க் வரைந்த ஆதாமைப் பெரிதாக்கிப் பாருங்கள்; அதன் மிக நுண்ணிய படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலகை உயரத்தில் இருப்பதால் ஆதாமின் தூக்கிய பாதத்தைக் கீழிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்திருக்கிறார். தோலில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியே தெரிகிறது. ரோமானியச் சிலை எதையும் பின்பற்றாமல், எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக அடுக்கி, எதிரில் நின்ற ஒரு நிஜ மனிதனைப் பார்த்து எட்டிய இடம் இது.

எட்டாம் படி: மரக்கட்டை திரும்பி வருகிறது

மைக்கேலாஞ்சலோவின் தாவீதை எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் கடைசியில் வைத்தேன். 1460-களில் வெட்டி எடுத்த பளிங்குப் பாளம். இரண்டு சிற்பிகள் கைவைத்துக் கைவிட்டது. 1501-இல் மைக்கேலாஞ்சலோ எடுத்து 1504-இல் முடித்தார். உயரம் 5.17 மீட்டர். பேராலயத்தின் உச்சிக்காகத் திட்டமிட்டது. எங்கே வைப்பது என்று முடிவுசெய்யக் கூடிய குழுவில் லியனார்டோவும் போத்திச்செல்லியும் இருந்தார்கள். கடைசியில் நகர ஆட்சி மன்றத்தின் வாசலில் நிறுத்தினார்கள்.

தோள் கோடு, இடுப்புக் கோடு போடுங்கள்: பாலிகிளைட்டஸின் சூத்திரம் அப்படியே வரும். வலது கால் தாங்குகிறது, வலது கை தொங்குகிறது, இடது கால் ஓய்கிறது, இடது கை கவணைப் பிடிக்க மடங்குகிறது. ஆனால் பாலிகிளைட்டஸின் வீரனிடம் இருந்த நிதானம் இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது, தொங்கும் கையின் நரம்புகள் கூட விம்முகின்றன. வலது காலுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்: மரக்கட்டை. ரோமானிய நகலெடுப்பாளர்களுக்கு இருந்த அதே பளிங்குச் சிக்கல், அதே தீர்வு. 1873 வரை வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகு அதை அக்காதெமியா அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். இடது கணுக்காலிலும் அந்த மரக்கட்டையிலும் இப்போது மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன. வெளியே நின்ற காலத்தில் சிலை லேசாக முன்னால் சாய்ந்திருந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஒரு படம்: அதே 1504-இல் ஜெர்மனியின் டியூரர் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஆதாமும் ஏவாளும். இருவருக்கும் கோடுகள் வரைந்து, எந்த நிலையை எங்கிருந்து எடுத்திருப்பார் என்று நோட்டைப் புரட்டித் தேடுங்கள். விடை நான்காம் படிக்கான பக்கங்களுக்கு அருகில்தான் இருக்கும். அதை முடித்ததும், ரோமில் 1506-இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் தோண்டி எடுத்த லாவோக்கூன் சிலையைத் திறந்து கொள்ளுங்கள். எடை எந்தக் காலிலும் இல்லாமல் பாம்புகளுக்கிடையே முறுகும் உடம்பு அது. தோண்டிய இடத்துக்கே மைக்கேலாஞ்சலோ போய்ப் பார்த்தார். அதன்பின் அவர் வரைந்த வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் எவரும் நிதானமாக நிற்பதில்லை.